புத்தகம்தான் தப்பு!

எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் பழுத்த கத்தோலிக்கர். அவருடைய நாவல் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954-55ல் மூன்று பாகங்களாக வந்தபோது, அதில் வரும் எல்ஃப் என்ற மாய இனத்தைக் காட்டி ‘நாங்களும் எல்ஃப் வம்சம்தான்’ என்று ஒரு கூட்டம் கிளம்பும் என அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். 1970களில் அமெரிக்காவில் கிளம்பியது. ‘எல்ஃப் குயின்ஸ் டாட்டர்ஸ்’ என்ற குழு தங்களை எல்ஃபுகள் என்றே சொல்லிக்கொண்டு கடிதங்கள் எழுதி அனுப்பியது. 1990ல் கென்டக்கி பல்கலைக்கழகத்திலிருந்து நடந்த ஒரு மின்னஞ்சல் குழுவில் டிராகன், தேவதை என்று மற்றவர்களும் வந்து சேர, எல்லோருக்கும் பொதுவாக ‘அதர்கின்’ என்ற பெயர் நிலைத்தது. ஓநாய், சிறுத்தை போன்ற நிஜ விலங்காகத் தங்களை உணர்பவர்கள் ‘தெரியன்’. விலங்கு வேஷம் கட்டிக் கூடும் ‘ஃபர்ரி’ ரசிகர்களோடு தங்களைச் சேர்த்துப் பேசுவது இவர்களில் பலருக்குப் பிடிக்காது. அது பொழுதுபோக்கு, இது பிறவி.

மனநோயா என்று கேட்கத் தோன்றும். உடம்பு மனித உடம்புதான் என்பது இவர்களுக்கும் தெரியும். உள்ளே இருக்கும் ஆன்மாதான் வேறு என்கிறார்கள். மனசின் அமைப்பே அப்படி, ஆன்மாவெல்லாம் வேண்டாம் என்பவர்களும் உண்டு. முதுகில் இல்லாத இறக்கை கனக்கிறது, இல்லாத வால் அசைகிறது என்று சிலர் விவரிக்கிறார்கள். கையை இழந்தவருக்கு இல்லாத கை வலிப்பதை மருத்துவம் ஒப்புக்கொள்ளும்; அந்த உதாரணத்தையே இவர்களும் காட்டுகிறார்கள். ஆனால் அவருக்கு ஒருகாலத்தில் கை இருந்தது.

போன ஜென்மத்தில் நரியாக இருந்தேன் என்றால் நம்மூரில் யாரும் பெரிதாக அதிர்ச்சியடைய மாட்டார்கள். விநோதம் அடுத்த படியில் இருக்கிறது. ‘ஃபிக்‌ஷன்கின்’ என்று ஒரு பிரிவினர், நாவலிலோ அனிமேயிலோ வீடியோ கேமிலோ வரும் பாத்திரமே தாங்கள் என்கிறார்கள். மனிதர் கற்பனையில் உருவாக்கியதற்கு ஆன்மா எங்கிருந்து வந்தது? அதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். எண்ணற்ற உலகங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை எட்டிப் பார்த்துத்தான் எழுத்தாளர் எழுதினாராம். படைத்தவர் ஒரே வரியில் நிருபர் ஆகிவிட்டார்! கதையில் செத்துப்போன தம்பி, அண்ணன் பாத்திரமே தான் என்பவரின் ‘நினைவில்’ உயிரோடு இருந்தால் புத்தகம்தான் தப்பு. எழுதிப் பிழைப்பவனாக எனக்கு இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்கூட உண்டு.

அமெரிக்க மதவியல் ஆய்வாளர் ஜோசப் லேகாக் 2012ல் இவர்களைப் பற்றி எழுதிய கட்டுரையில், வழக்கமான உலகப் பார்வைக்கு மாற்றான ஒன்றை இந்தக் கூட்டம் தாங்கிப் பிடிக்கிறது என்றார். தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்பது வாஸ்தவம். தனியாக உட்கார்ந்து டிராகனாக இருப்பது ரொம்பக் கஷ்டம்.

கூட்டம் சேர்ந்தால் சிக்கலும் சேர்கிறது. ஒரே பாத்திரம் தான்தான் என்று இரண்டு பேர் வந்து நின்றால்? இதற்கு ‘டபுள்ஸ்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். உலகங்கள்தான் எண்ணற்றவை ஆயிற்றே, ஆளுக்கொரு உலகத்திலிருந்து வந்திருக்கலாம் என்று சிலர் சமாதானமாகப் போகிறார்கள். சிலருக்கு அந்த இன்னொருவர் இருக்கும் இடத்திலேயே இருக்கப் பிடிப்பதில்லை.