நபிமொழியின் தரம் காணும் முறை

ஆரியங்கோடு, பாறசாலை முதலிய எல்லையூர்களில் நிலம் வாங்க எண்ணுவோர் முதற்கண் கேட்பது முன்னாதாரம். விற்பவருக்கு அந்நிலம் யாரிடமிருந்து வந்தது, அவருக்கு எழுதிக் கொடுத்தவர் யார் என்று பின்னோக்கிப் பார்த்துச் செல்வர். இடையில் ஓர் ஆதாரம் விடுபட்டிருப்பின் விலைபேசத் தயங்குவர். தமிழகத்தில் இதனையே நாம் மூலப்பத்திரம் என்கிறோம். நபிகள் நாயகத்தின் மொழிகளாகிய ஹதீஸ்களை ஆராய்ந்த இஸ்லாமிய அறிஞர்களும் ஏறத்தாழ இம்முறையையே கையாண்டனர்.

நாயகம் மறைந்தது 632ஆம் ஆண்டில். நபிமொழித் தொகுப்பாளருள் தலைசிறந்தவராகிய இமாம் புகாரி பிறந்ததோ 810இல். இடைப்பட்ட காலத்தில் வாய்மொழியாகவும் ஏட்டுக் குறிப்பாகவும் வந்தவற்றுள் மெய் எது, பொய் எது? இவ்வினாவிலிருந்தே ஒரு தனிக்கலை வளர்ந்தது.

ஒவ்வொரு ஹதீஸுக்கும் இரண்டு பகுதிகள் உண்டு. சொல்லப்பட்ட செய்தி 'மத்ன்' எனப்படும். அதனை யார் யாரிடம் கேட்டார் என்னும் பெயர்த்தொடர் 'இஸ்னாத்' எனப்படும். புகாரியின் நூலில் முதலாவதாக நிற்கும், எண்ணத்தின் தூய்மையைப் பற்றிய ஹதீஸை எடுத்துக்கொள்வோம். நாயகத்திடம் கேட்டவர் உமர்; அவரிடம் அல்கமா; அவரிடம் முகம்மது இப்னு இப்ராகீம்; அவரிடம் யஹ்யா; அவரிடம் சுஃப்யான்; அவரிடம் ஹுமைதி; ஹுமைதியிடம் கேட்டவர் புகாரி. இடையே நிற்போர் அறுவர்.

இத்தகைய தொடர்களை அறிஞர்கள் ஐந்து வகையால் சோதித்தனர். தொடர் எங்கும் அறாதிருக்கிறதா? ஒவ்வொருவரும் நேர்மையாளரா? நினைவாற்றலோ எழுத்துக் குறிப்போ பிழையற்றதா? செய்தி இவரினும் நம்பத்தக்கோர் கூற்றுக்கு முரணாகிறதா? மறைந்து கிடக்கும் குறை ஏதேனும் உண்டா? இதன்பொருட்டு அறிவிப்பாளர்களின் பிறப்பு, இறப்பு, பயணம், ஆசிரியர் முதலியவற்றைக் கூறும் வரலாற்று நூல்கள் பல எழுந்தன. ஆசிரியர் இறந்தபின் பிறந்தவர் அவரிடம் நேரில் கேட்டதாகக் கூறின், பொய் அவ்விடத்திலேயே வெளிப்பட்டுவிடும் அன்றோ?

ஐந்திலும் தேறியது 'ஸஹீஹ்', நினைவாற்றலில் சற்றே குறைந்தோர் வழி வந்தது 'ஹஸன்', தொடரிலோ அறிவிப்பாளரிடத்திலோ குறையுடையது 'ளயீஃப்', புனைந்துரைக்கப்பட்டது 'மவ்ளூஃ'. ளயீஃப் என்றால் பொய் என்பது பொருளன்று. சான்று போதாது என்பதே பொருள். இவ்வேறுபாட்டை மறந்து, வலுக்குறைந்தவற்றையெல்லாம் பொய்யென ஒதுக்குவதும் தவறு. புனைவை நபிமொழியெனப் போற்றுவதும் தவறு.

கல்வியைத் தேடிச் சீனம் வரையிலும் செல்க என்னும் கருத்துடைய ஒரு வாக்கு நம் மேடைகளில் அடிக்கடி கேட்பது. கருத்து உயர்ந்தது, எனினும் அதன் தொடர் வலுவற்றது என்பார் அறிஞர். 1201இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸி அதனைப் புனைவுகளின் வரிசையிலேயே சேர்த்தார். கல்வியின் சிறப்புக்கு அதனால் குறைவில்லை. ஆயினும் நல்ல கருத்து என்னும் காரணத்தால் மட்டுமே ஒருவர் கூறாததை அவர் பெயரால் கூறுதல் ஆகாது என்பதே அவ்வறிஞர்களின் உறுதி.

1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. இக்கல்விக்கு அவ்வெல்லை தடையாகவில்லை. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியில் தமிழரும் மலையாளிகளும் பயின்று, 'பாகவி' என்னும் பட்டத்துடன் ஊர் திரும்பினர். 1924இல் உமராபாத்தில் தோன்றிய தாருஸ்ஸலாம் கல்லூரியும் ஹதீஸ் கல்விக்குப் பெயர்பெற்றது.

பிறமாநிலங்களில் வாழும் நம்மிடம் ஊர்ச்செய்தியும் பெரியோர் வாக்கும் பெரும்பாலும் பிறர் வாய்வழியே, இன்று கைப்பேசி வழியே, வந்து சேர்கின்றன. எச்சமயத்தவராயினும், எவர் பெயரால் ஒரு வாக்கு வரினும், அதனை அடுத்தவருக்கு அனுப்புமுன் முன்னாதாரம் கேட்பது நமக்கும் நன்று. அவ்வாக்குக்கு உரியவருக்கு நாம் செலுத்தும் மரியாதையும் அதுவே.