மணி சாப்பிட மறுத்தபோது

ராஸ்தா பேட்டில் இருக்கும் எங்கள் வீட்டுப் பூனைக்கு 13 வயது. மராத்தியில் பூனையைச் செல்லமாக 'மனீ' என்பார்கள். நாங்கள் அதை நம்மூர் 'மணி' ஆக்கிக்கொண்டோம். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது.

"வயசாயிடுத்து, வயத்தைக் காயப்போட்டா சரியாயிடும்" என்றார் என் மாமியார். மனிதருக்குச் சரி, பூனைக்கு ஆகாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பருத்த பூனைக்குப் பயம் அதிகம். ஆகவே மறுநாளே மருத்துவரிடம் ஓடினோம். பல், சிறுநீரகம், தைராய்டு எல்லாம் பார்த்தார். காரணம் அகப்படவில்லை. பசி தூண்டும் மாத்திரை கொடுத்து, "எப்படியாவது கொஞ்சம் உள்ளே போகட்டும்" என்றார்.

பூனைக்கு நாக்கைவிட மூக்குதான் பிரதானம். வாசனை தெரியாவிட்டால் தொடாது. உணவை வெதுவெதுப்பாக்கினால் மணம் எழும். எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது. எதிர்வீட்டு மராத்திக் காகுதான் கோழியை வேகவைத்துத் தந்தார். வெங்காயம், பூண்டு சேர்க்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன். இரண்டும் பூனைக்கு விஷம். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் ஒரு மாத்திரையே அதைக் கொன்றுவிடும். கைமருந்து வேண்டவே வேண்டாம்.

அன்றிரவு என் விரலில் இருந்த கோழிச்சாற்றை இரண்டு முறை நக்கியது. காலையில் அரைக் கிண்ணம்!

இப்போது வாரந்தோறும் மணியைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கிறேன், பிறகு தனியாக. வித்தியாசத்தைக் காலண்டரில் குறித்துவைப்பவர் மாமியார்தான்.