26 வருட நாற்காலி... 10 மாதத்தில் காலி! டேவிட் மோய்ஸ் ஏன் தோற்றார்?

2014, ஏப்ரல் 20. லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானம். மான்செஸ்டர் யுனைடெட் பயிற்சியாளர் டேவிட் மோய்ஸ் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால், கறுப்பு அங்கியும் கையில் அரிவாளுமாக எமன் வேடத்தில் ஒரு ரசிகர்! அந்த மைதானம் மோய்ஸுக்குப் புதிதல்ல. அங்கே எவர்டன் அணிக்கு 11 வருடங்கள் பயிற்சியாளராக இருந்தவர் அவர். இப்போது எதிரணியின் பயிற்சியாளராக வந்து, பழைய அணியிடம் 2-0 எனத் தோற்றார். இரண்டே நாளில் வேலை போனது.

ஒரு வருடத்துக்கு முன் நிலைமையே வேறு. 26 வருடங்களுக்கும் மேல் யுனைடெட்டை ஆண்ட சர் அலெக்ஸ் ஃபெர்குசன், 13 பிரீமியர் லீக் பட்டங்களோடு ஓய்வை அறிவித்தார். தன் வாரிசாக அவரே கை காட்டியது மோய்ஸை. ஃபெர்குசன் வீட்டுக்கு அழைத்தபோது, ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போய் நின்ற மோய்ஸிடம் 'அடுத்த மேனேஜர் நீதான்' எனத் தகவலாகவே சொல்லிவிட்டார். 6 வருட ஒப்பந்தம். ஓல்ட் டிராஃபோர்டு கேலரியில் 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்' என்று பேனர் கட்டினார்கள் ரசிகர்கள். ஆனால், அவர் தாக்குப்பிடித்தது வெறும் 10 மாதங்கள். எங்கே சறுக்கினார்?

வந்ததும் ஆட்களை மாற்றினார்

மைக் ஃபெலன், ரெனே மியூலன்ஸ்டீன், எரிக் ஸ்டீல்... சாம்பியன் அணியின் ஒவ்வொரு வீரரையும் அறிந்திருந்த துணைப் பயிற்சியாளர்கள் இவர்கள். மூவரும் வெளியேற, எவர்டனில் தன்னோடு இருந்தவர்களைக் கொண்டுவந்தார் மோய்ஸ். நம்பிக்கையான ஆட்கள் பக்கத்தில் வேண்டும் என்று நினைத்தது தப்பில்லை. ஆனால், புது வீட்டில் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று சொல்லித்தர ஆளே இல்லாமல் போனது.

சந்தையில் தடுமாறினார்

நிர்வாகத்திலும் அதே நேரத்தில் மாற்றம். பல வருடங்களாக வீரர்களை வாங்கும் பேரங்களைக் கவனித்த டேவிட் கில் விலக, எட் வுட்வர்டு வந்தார். பயிற்சியாளரும் புதிது, பேரம் பேசுபவரும் புதிது. அந்தக் கோடையில் வந்த ஒரே பெரிய வீரர், எவர்டனின் ஃபெல்லைனி. ஜூலை முடிவதற்குள் வாங்கியிருந்தால் விலை 23.5 மில்லியன் பவுண்டு. கடைசி நாள்வரை இழுத்தடித்து, 27.5 மில்லியன் கொடுத்தார்கள்!

வீரர்களின் மனதைப் பிடிக்கவில்லை

ஃபெர்டினாண்டுக்கு 35 வயது, கிக்ஸுக்கு 40. வாங்காத கோப்பை இல்லை. எவர்டனில் 11 வருடத்தில் ஒரு பெரிய கோப்பைகூட வெல்லாதவர் வந்து பாடம் எடுத்தால், மறுபேச்சில்லாமல் கேட்பார்களா? போட்டிக்கு முன் வீரர்கள் சாப்பிடும் உருளைக்கிழங்கு சிப்ஸுக்குக்கூட மோய்ஸ் தடை போட்டதை, பின்னாளில் தன் புத்தகத்தில் எழுதினார் ஃபெர்டினாண்ட். விஷயம் சிப்ஸ் இல்லை. பழகிய சின்னச் சின்ன வழக்கங்களை அகற்றும் முன், பெரிய வெற்றி ஒன்றைக் காட்டியிருக்க வேண்டும். சீசன் தொடக்கத்தில் வென்ற கம்யூனிட்டி ஷீல்டு அதற்குப் போதவில்லை.

ஒரே வழியில் முட்டினார்

2014 பிப்ரவரியில், கடைசி இடத்தில் இருந்த ஃபுல்ஹாமுடன் சொந்த மைதானத்தில் போட்டி. பக்கவாட்டிலிருந்து கோல் பகுதிக்குள் 81 முறை பந்தைத் தூக்கி அடித்தது யுனைடெட். கதவு திறக்கவில்லை என்று தெரிந்தும் அதே கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். கூடுதல் நேரத்தில் ஃபுல்ஹாம் கோல் அடிக்க, 2-2 டிரா. அன்று ஃபுல்ஹாமின் பயிற்சியாளர் யார் தெரியுமா? யுனைடெட்டைவிட்டுப் போன அதே மியூலன்ஸ்டீன்!

மார்ச்சில் லிவர்பூலும் மான்செஸ்டர் சிட்டியும் ஓல்ட் டிராஃபோர்டுக்கே வந்து தலா 3-0 என அடித்துவிட்டுப் போயின. அதே மாதம், மோய்ஸை வெளியேறச் சொல்லும் வாசகத்தை இழுத்தபடி மைதானத்தின் மேல் ஒரு விமானம் பறந்தது. எவர்டன் தோல்வியோடு சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பும் முடிந்தது. அவரை நீக்கப்போகும் செய்தி, அறிவிப்புக்கு முந்தைய நாளே ஊடகங்களில் பரவிவிட்டது. சீசன் முடிவில், நடப்பு சாம்பியனுக்குக் கிடைத்தது 7-வது இடம்.

எல்லாம் அவர் தப்பா?

இல்லை. ஃபெர்குசன் விட்டுச்சென்றது கோப்பையை மட்டுமல்ல, வயதாகிப்போன ஓர் அணியையும்தான். மோய்ஸுக்குப் பிறகு வந்த லூயிஸ் வான் ஹால், மொரின்யோ, சோல்ஷயர், டென் ஹாக் எல்லோருமே பாதியில் அனுப்பப்பட்டார்கள். நால்வரில் ஒருவரும் லீக் பட்டம் வாங்கித்தரவில்லை. அப்போதுதான், நாற்காலியிலும் கோளாறு இருப்பது பலருக்கும் புரிந்தது.

மோய்ஸ்? 2023 ஜூன் மாதம் பிராக் நகரில், வெஸ்ட் ஹாம் அணிக்கு கான்ஃபரன்ஸ் லீக் கோப்பையை வென்று கொடுத்தார். அப்போது அவருக்கு 60 வயது. தன் அப்பாவைத் தேடிப் போய், வென்ற பதக்கத்தை அவர் கழுத்தில் மாட்டிவிட்டார்.

10 மாதத்தில் தோற்ற அதே மனிதர்தான்!