மீண்டும் தூங்கவிட்ட வானதூதர்

(வானொலி மறையுரை: பொதுக்காலம் 19-ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு)



இன்றைய முதல் வாசகம் அரசர்கள் முதல் நூல் 19-ஆம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டது. இறைவாக்கினர் எலியா சூரைச்செடி ஒன்றின் அடியில் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்கிறார். கார்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேருக்கு எதிராகத் தனியாளாக நின்றவர் இவர். அதன்பின் ஆகாபு அரசனின் தேருக்கு முன்னால் இஸ்ரியேல் வரை ஓடினார். ஈசபேலின் மிரட்டலைக் கேட்டதும் தெற்கே பெயேர்செபா வரை தப்பிப்போனார். பணியாளரை அங்கே விட்டுவிட்டு, பாலைநிலத்தில் மேலும் ஒரு நாள் நடந்தார்.

நம்பிக்கை குறைந்துவிட்டது என்று ஆண்டவர் அவரைக் கண்டித்தாரா? இல்லை. எலியா தூங்கிப்போகிறார். வானதூதர் தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் காட்டுகிறார. சாப்பிட்டவர் மறுபடியும் படுத்துக்கொள்கிறார்! நம் வீடுகளில் என்றால், "சாப்பிட்டதும் படுக்கையா?" என்று ஒரு குரல் வந்திருக்கும். வானதூதரோ அவரைத் தூங்கவிடுகிறார். இரண்டாம் முறை எழுப்பும்போதுதான் பயணத்தைப் பற்றியே பேசுகிறார். ஓரேபு மலைக்கு 40 நாள் நடந்ததும், அங்கே ஆண்டவருடைய மெல்லிய குரலைக் கேட்டதும் அதற்குப் பிறகுதான்.

தூங்கும்போது உடல் சும்மா கிடப்பதாக நாம் நினைக்கிறோம். மருத்துவர்கள் சொல்வது வேறு. நமது உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடங்கள் கொண்ட சுற்றுகளாக நடக்கிறது. இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த உறக்கம் அதிகம். வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பது அப்போதுதான். பெரியவர்களின் உடலில் தேய்ந்த தசைகளைச் சரிசெய்யவும் அது உதவுகிறது. இரவில் இரத்த அழுத்தம் இறங்கி, இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் ஓய்வு கிடைக்கிறது. தூக்கம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை, பசியும் கூடுகிறது. சர்க்கரை நோயாளிகள் இதைக் கவனிக்க வேண்டும். நோய் எதிர்ப்பு ஆற்றலும் குறைகிறது. அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு மருந்து எவ்வளவு தேவையோ, தூக்கமும் அவ்வளவு தேவை. (செபம் சொல்லப் போகிறோம் என்று இரவு ஒன்பதரை மணிக்கு நோயாளியின் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.)

பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். வளரிளம் பருவத்தினருக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையைப் பதினொரு மணிவரை படிக்கவைத்து, நான்கு மணிக்கு எழுப்பினால், படித்ததை மூளை பதியவைத்துக்கொள்ளும் நேரத்தையே பறித்துவிடுகிறோம். பலமாகக் குறட்டை விட்டு, நடுநடுவே மூச்சு நின்று திணறுகிறவர்கள் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது வெறும் சத்தம் அல்ல. தூக்கம் வரவில்லை என்று மருந்துக்கடையில் நீங்களாகவே மாத்திரை கேட்டு வாங்காதீர்கள்.

சோம்பல் தலையான பாவங்களில் ஒன்றாயிற்றே என்று சிலர் கேட்பார்கள். செய்ய வேண்டியதைச் செய்யாமல் தட்டிக்கழிப்பது சோம்பல். உழைத்த உடல் ஓய்வு கேட்பது வேறு. நம் ஆண்டவர் இரவு முழுவதும் செபித்ததும் உண்டு. புயலடித்த படகில் தலையணை வைத்துத் தூங்கியதும் உண்டு. புனித யோசேப்புக்கு ஆண்டவரின் தூதர் வழிகாட்டியதே உறக்கத்தில்தான். உறங்கும் யோசேப்பின் சுரூபம் ஒன்றைத் தம் மேசையில் வைத்திருப்பதாகவும், ஒரு சிக்கல் வந்தால் அதைத் தாளில் எழுதி அந்தச் சுரூபத்தின் அடியில் வைத்துவிடுவதாகவும் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் மணிலாவில் குடும்பங்களிடம் சொன்னார். கவலையோடு புரண்டுகொண்டிருப்பவர்களுக்கு இது நல்ல வழி என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால், தூங்க நினைத்தாலும் முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் அன்பியத்தில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீடு எது என்று உங்களுக்குத் தெரியும். பழம் வாங்கிக்கொண்டு போகிறோம், நோயாளியின் தலையில் கைவைத்துச் செபிக்கிறோம். இரவில் பலமுறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றுகிற மனைவியிடமோ மருமகளிடமோ, "நீ தூங்கினாயா?" என்று யாரும் கேட்பதில்லை. மாதக்கணக்கில் இப்படியே போனால் எலியா கேட்டதை அவரும் கேட்கத் தொடங்குவார். கோபமும் வரும், அழுகையும் வரும், கோயிலுக்கு வரவே மனமிருக்காது. அதைப் பக்திக் குறைவு என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகள் நான்கு பேர் இருந்தால், வாரத்தின் இரவுகளைப் பங்குபோட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணிக்குப் போய், "அம்மா, நீங்க உள்ளே போய்ப் படுங்க, அஞ்சு மணி வரைக்கும் நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லுங்கள். கூச்சப்பட்டு வேண்டாம் என்பார்; கொஞ்சம் வற்புறுத்துங்கள். இரவுக்குச் சாப்பாடும் கொண்டுபோனால், எழுந்ததும் அவர் அடுப்படிக்கு ஓட வேண்டியிருக்காது.