தாழும் பார்வையும் தகும் பார்வையும்

காதல் கண்ணில் தொடங்குகிறது என்பது தமிழ் மரபு. தலைவனும் தலைவியும் ஒருவரையொருவர் காண்பதிலிருந்தே தொல்காப்பியக் களவியல் காதலை விரிக்கிறது. கண்ணின் குறிப்பை உணர்வதற்குக் ‘குறிப்பறிதல்’, கண் படும் துயருக்குக் ‘கண்விதுப்பழிதல்’ என வள்ளுவர் அதிகாரங்கள் வகுத்தார். சிங்கப்பூர்த் தமிழ் வகுப்புகளில் இவற்றைப் பல சமயத்து மாணவரும் சேர்ந்து பயில்கின்றனர். பார்வையைத் தாழ்த்துக என்னும் இஸ்லாமியக் கட்டளையைக் கேள்வியுறும் மாணவர், அது காதலுக்கே பகை என்று எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பொருந்துமா?

அக்கட்டளை திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயமாகிய அந்நூரில் உள்ளது. அதன் 30ஆம் வசனம் ஆண்களுக்குரியது. பெண்களுக்குரியது அடுத்த வசனமே. பெண்ணின் ஆடையைப் பற்றிப் பேசுமுன் ஆணின் கண்ணையே அது அடக்குகிறது. தற்செயலாக விழும் முதற் பார்வை குற்றமன்று, விரும்பித் தொடரும் மறு பார்வையே விலக்கத் தக்கது என்று நபிமொழி விளக்குகிறது. சிராங்கூன் சாலை நெரிசலில் எவரும் கண்ணை மூடிக்கொண்டு நடக்க இயலாது. மறுமுறை நோக்காதிருத்தல் இயலும்.

மணம் பேசும் இடத்திலோ நெறி வேறு. முகீரா என்னும் தோழர் பெண் கேட்டபோது, அவளை நேரிற் பார்த்துக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் அவர்கள் கூறினார்கள். இருவரிடையே இணக்கம் நிலைக்க அது துணையாகும் என்பதே காரணம். ஆகவே இஸ்லாம் விலக்குவது பார்வையை அன்று. பொறுப்பேற்காத பார்வையையே விலக்குகிறது.

பெண்ணின் விருப்பத்திற்கும் இந்நெறியில் இடமுண்டு. வாணிகத்தில் நபிகளாரின் நேர்மையைக் கண்ட கதீஜா நாயகியார், தோழி நபீசாவின் வழியே தம் விருப்பத்தைத் தாமே தெரிவித்தார் என்பது வரலாறு. புறத்தோற்றத்தோடு நில்லாது குணத்தைக் கண்ட பார்வை அது. உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் இதனைக் ‘கதீஜா கனவு கண்ட படலம்’ முதலியவற்றில் தமிழ்க் காப்பிய மரபுப்படி விரித்துப் பாடினார். அகப்பொருளில் ஊறிய தமிழ் நெஞ்சுக்கு அது அயலாகத் தோன்றவில்லை.

குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) மேலும் ஒரு படி சென்றார். பரம்பொருளையே மனோன்மணி என்னும் காதலியாக்கி, காண ஏங்கும் கண்ணின் தாகத்தைப் பத்தியாக மாற்றினார்.

தெலுக் ஆயர் தெருவில் 1828–1830இல் எழுந்த நாகூர் தர்கா, டன்லப் தெருவில் 1907இல் தொடங்கப்பட்ட அப்துல் கபூர் பள்ளிவாசல் ஆகியவை தமிழ் முஸ்லிம்கள் இந்நகரில் வேரூன்றியதற்குச் சான்றுகள். அவர்தம் இலக்கியமும் தமிழர் அனைவர்க்கும் பொதுவான செல்வமே. குறிப்பறிதலைக் கற்பிக்கும் ஆசிரியர் சீறாவின் அப்படலத்தையும் உடன் எடுத்துக்காட்டுவாராயின், காதலும் நாணமும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதை மாணவர் எளிதில் உணர்வர்.