படகின் விதைநெல்

தாம்பரம் இரயில் நிலையத்தில் நிற்கும் எவரும் தலையை உயர்த்தி நோக்கினால், இருப்புப் பாதைக்கு மேலே நீண்டு செல்லும் மின்கம்பியைக் காணலாம். சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டிகள் 1931-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கின. அன்று அக்கம்பியில் 1,500 வோல்ட் அழுத்தமுள்ள நேர்மின்னோட்டம் பாய்ந்தது. இன்று 25,000 வோல்ட் மாறுமின்னோட்டம் பாய்கின்றது. வண்டி செல்லும் வழியெல்லாம் கம்பியும் உடன் செல்கின்றது. ஆதலால், அவ்வண்டி தன்னை இழுத்துச் செல்வதற்கு வேண்டிய மின்சாரத்தைச் சுமந்து செல்ல வேண்டுவதில்லை.

அதே நிலையத்தில் வந்து நிற்கும் தொலைதூர வண்டிகளின் பழைய வகைப் பெட்டிகளை உற்று நோக்குங்கள். பெட்டியின் அடியில், சக்கரங்களுக்கு இடையே, பெரிய இரும்புப் பேழைகள் தொங்குவதைக் காண்பீர்கள். அவற்றுள் இருப்பவை சேம மின்கலங்கள். மக்கள் இவற்றைப் பாட்டரி என்று வழங்குவர். வண்டி ஓடும்பொழுது அச்சின் சுழற்சியால் இயங்கும் மின்னாக்கி, விளக்குகளை எரிப்பதோடு இக்கலங்களையும் நிரப்புகின்றது. வண்டி நின்றதும் மின்னாக்கியும் நின்றுவிடும். அப்பொழுது கலங்களில் சேர்ந்துள்ள மின்சாரமே விளக்குகளுக்கு உதவுகின்றது. ஓடும்பொழுது ஈட்டி, நிற்கும்பொழுது செலவிடும் ஏற்பாடு இது.

இனித் தாம்பரத்திலிருந்து கிழக்கே செல்வோம். மேடவாக்கமும் சோழிங்கநல்லூரும் கடந்தால் வங்கக் கடல் எதிர்ப்படும். நீலாங்கரை, கானத்தூர், கோவளம் முதலிய ஊர்களின் மணற்கரையில் கண்ணாடி இழைப் படகுகள் வரிசையாகக் கிடக்கும். இத்தகைய சிறு படகுகளின் எந்திரங்கள் பலவற்றைக் கையினாலேயே இயக்கிவிடலாம். ஆனால், வடசென்னையின் காசிமேட்டுத் துறைமுகத்திலிருந்து பல நாள் மீன்பிடிப்புக்குச் செல்லும் பெரிய விசைப்படகுகளின் நிலை வேறு. அவற்றின் கனத்த டீசல் எந்திரத்தைக் கையால் சுற்றி இயக்குதல் எளிதன்று. மின்சாரத்தின் துணை வேண்டும். விளக்கு, கம்பியில்லாத் தொலைபேசி, இடங்காட்டும் கருவி, ஆழமறியும் கருவி, படகின் அடியில் ஊறும் நீரை இறைக்கும் பம்பு ஆகிய அனைத்துக்கும் மின்சாரம் வேண்டும். நடுக்கடலில் மின்கம்பி ஏது? படகு தன் மின்சாரத்தைத் தானே சுமந்து செல்ல வேண்டும்.

அவ்வாறு சுமக்கும் மின்கலம் எவ்வாறு அமைந்துள்ளது என்பதை முதலில் அறிவோம். ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு சேம மின்கலம் செய்யும் முறையை, கஸ்தோன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1859-இல் கண்டறிந்தார். இத்தகைய கலம் ஒன்று ஏறத்தாழ 2 வோல்ட் மின்னழுத்தம் தரும். ஆறு கலங்களை ஒரே பெட்டிக்குள் வரிசையாக இணைத்தால் 12 வோல்ட் பாட்டரி கிடைக்கின்றது. நன்றாக நிரம்பி ஓய்ந்திருக்கும் பாட்டரியை வோல்ட்மானியால் அளந்தால் 12.6 வோல்ட் அளவில் காட்டும். அது 12.2 வோல்ட் அளவுக்கு இறங்கினால் இருப்பில் பாதி செலவாகிவிட்டது என்று கொள்ளலாம். 12 வோல்ட்டுக்கும் கீழே சென்றால் கலம் வறுமை எய்திவிட்டது எனலாம். பன்னிரண்டு வோல்ட் பாட்டரி பன்னிரண்டு வோல்ட்டைக் காட்டும்பொழுதே ஏறக்குறைய வெறுமையாய் இருக்கின்றது என்பது பலரும் அறியாத செய்தி.

படகில் மின்சாரத்துக்கு இருவகை வேலைகள் உள்ளன. ஒன்று, எந்திரத்தை முதலில் சுழற்றி உயிர்ப்பித்தல். மற்றொன்று, விளக்கையும் கருவிகளையும் நெடுநேரம் இயக்குதல். இவற்றுள் எது மிகுதியான மின்சாரத்தை உண்ணும்? எந்திரத்தைச் சுழற்றும் மோட்டார் உறுமுவதைக் கேட்பவர், அதுவே பெருந்தீனி தின்பது என்று எண்ணுவர். கணக்கிட்டுப் பார்ப்போம். அம்மோட்டார் 300 ஆம்பியர் மின்னோட்டத்தை 3 விநாடி எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். ஒரு மணிக்கு 3,600 விநாடிகள். ஆகவே, செலவாவது 300-ஐ 3-ஆல் பெருக்கி 3,600-ஆல் வகுத்த அளவு. அதாவது, கால் ஆம்பியர்-மணி. விளக்குகளும் கருவிகளும் சேர்ந்து 5 ஆம்பியர் வீதம் 10 மணி நேரம் எடுத்துக்கொண்டால் செலவாவது 50 ஆம்பியர்-மணி. இது முன்னதைப்போல் இருநூறு மடங்கு! ஆரவாரம் செய்வது சிறிதே உண்கின்றது. ஓசையின்றி எரிவது கலத்தையே வெறுமையாக்கிவிடுகின்றது.

இங்கேதான் இடர் தோன்றுகின்றது. படகில் ஒரே பாட்டரி இருந்தால், இரவெல்லாம் விளக்கு எரிந்தபின் விடியற்காலையில் எந்திரத்தை இயக்க மின்சாரம் எஞ்சியிராது. எந்திரம் ஓடினால்தான் மின்னாக்கி சுழலும். மின்னாக்கி சுழன்றால்தான் பாட்டரி நிரம்பும். பாட்டரியில் மின்சாரம் இல்லையாயின் எந்திரமே ஓடாது. காற்று மாறிக் கடல் கொந்தளிக்கும் வேளையில் இந்நிலை நேர்ந்தால், அப்படகிலுள்ளோர் அலைகளின் கையில் அகப்பட்டவர் ஆவர்.

நம் நாட்டு உழவர் இவ்வுண்மையை நெடுங்காலமாகவே அறிந்திருக்கின்றனர். அறுவடை முடிந்ததும் அவர் நெல்லை இரண்டாகப் பிரிப்பர். ஒரு பகுதி உணவுக்கு. மற்றொரு பகுதி அடுத்த விதைப்புக்கு. விதைநெல்லைத் தனிக் கோட்டையாகக் கட்டி வைப்பர். வீட்டில் அரிசி குறைந்தாலும் அக்கோட்டையைப் பிரிக்கத் தயங்குவர். அளவில் அது சிறிது. ஆனால், அதை உண்டுவிட்டால் அடுத்த விளைச்சலே இல்லை. படகில் இரண்டு பாட்டரிகள் வைப்பதும் இக்கருத்துப் பற்றியே ஆகும். விளக்குக்கும் கருவிகளுக்கும் ஒரு பாட்டரி. இது உணவு நெல். எந்திரத்தை இயக்குவதற்கு மட்டும் ஒரு பாட்டரி, இது விதைநெல்.

இவ்விரண்டின் அமைப்பும் வெவ்வேறு. எந்திரப் பாட்டரியில் மெல்லிய தகடுகள் பல இருக்கும். அதனால், நொடிப்பொழுதில் பெரிய மின்னோட்டத்தை அது தர இயலும். விளக்குப் பாட்டரியின் தகடுகள் தடித்தவை. பலமுறை ஆழமாகச் செலவாகியும் மீண்டும் நிரம்பும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. இரண்டு பாட்டரிகளை வரிசையாக இணைத்து 24 வோல்ட் பெறும் படகுகளும் உள்ளன. அது மின்னழுத்தத்தைக் கூட்டும் முறையே அன்றி, இருப்பைப் பிரிக்கும் முறை அன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குதல் கூடாது.

பிரித்து வைத்த பாட்டரிகளை ஆளும் கருவியே தேர்வு சுவிட்ச் ஆகும். இது வட்டமான ஒரு திருகு. இதில் நான்கு நிலைகள் உண்டு. ‘நிறுத்தம்’ என்னும் நிலையில் எந்தப் பாட்டரியும் இணைந்திராது. ‘ஒன்று’ என்னும் நிலையில் முதற் பாட்டரி மட்டும் வேலை செய்யும். ‘இரண்டு’ என்னும் நிலையில் இரண்டாம் பாட்டரி மட்டும் வேலை செய்யும். ‘இரண்டும்’ என்னும் நிலையில் இரு பாட்டரிகளும் ஒன்றாக இணைந்துவிடும். எந்திரப் பாட்டரி ஒன்றாம் எண்ணிலும், விளக்குப் பாட்டரி இரண்டாம் எண்ணிலும் இருப்பதாகக் கொள்வோம்.

புறப்படும்பொழுது திருகை ஒன்றில் வைத்து எந்திரத்தை இயக்க வேண்டும். எந்திரம் ஓடத் தொடங்கியதும் ‘இரண்டும்’ என்னும் நிலைக்குத் திருப்பினால், மின்னாக்கி தரும் ஏறத்தாழ 14 வோல்ட் அழுத்தத்தில் இரு பாட்டரிகளும் நிரம்பும். நங்கூரம் பாய்ச்சி எந்திரத்தை நிறுத்தியவுடன், மறவாமல் திருகை இரண்டுக்குத் திருப்ப வேண்டும். இரவு முழுவதும் விளக்குப் பாட்டரி மட்டுமே செலவாகும். விடியலில் அது முழுவதும் சோர்ந்துவிட்டாலும் கவலை இல்லை. ஒன்றாம் பாட்டரி நிறைந்த வலிமையோடு காத்திருக்கும். மீண்டும் எந்திரத்தை இயக்குவதற்கு முன் திருகை ஒன்றுக்குக் கொண்டுவர வேண்டும். கரை சேர்ந்து படகைப் பூட்டிச் செல்லும்பொழுது ‘நிறுத்தம்’ என்னும் நிலையில் வைக்க வேண்டும்.

இம்முறையில் நேரும் பெரும்பிழை, எந்திரம் நின்ற பின்னும் திருகை ‘இரண்டும்’ என்னும் நிலையிலேயே விட்டுவிடுதல் ஆகும். அப்பொழுது இரு பாட்டரிகளும் ஒரே பாட்டரியாகி, ஒன்றாகவே செலவாகி, ஒன்றாகவே ஓய்ந்துவிடும். விதைநெல்லை உணவு நெல்லோடு கொட்டிக் கலந்தவர், தம்மிடம் இரண்டு குவியல் இருப்பதாக எண்ணி மகிழ்வது போன்றது இது. இரண்டு பாட்டரிகளைச் சுமப்பதனால் மட்டும் காப்பு உண்டாகாது. அவற்றைப் பிரித்து வைப்பதனாலேயே காப்பு உண்டாகின்றது.

மற்றொரு பிழையும் உண்டு. எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்பொழுது திருகை ‘நிறுத்தம்’ என்னும் நிலை வழியாகச் சுழற்றுதல் கூடாது. பாட்டரியோடு இருந்த இணைப்புத் திடீரென அறுபட்டால், மின்னாக்கி தந்துகொண்டிருந்த மின்னோட்டத்துக்குச் செல்லுமிடம் இல்லாமல் போகின்றது. அந்நொடியில் மின்னழுத்தம் மிக உயர்ந்து, மின்னாக்கியினுள் இருக்கும் டயோடுகளையும் படகின் கருவிகளையும் கெடுத்துவிடக்கூடும். ஆகையால், ஒன்றிலிருந்து இரண்டுக்குச் செல்ல வேண்டுமானால், ‘இரண்டும்’ என்னும் நிலை வழியாகவே செல்ல வேண்டும். நல்ல சுவிட்ச், புதிய இணைப்பைப் பற்றிக்கொண்ட பின்னரே பழைய இணைப்பை விடுமாறு செய்யப்பட்டிருக்கும்.

எந்திரப் பாட்டரியே தளர்ந்துபோனால் என்ன செய்வது? முதலில் நல்ல நிலையில் உள்ள மற்றொரு பாட்டரியை மட்டும் கொண்டு எந்திரத்தை இயக்க முயல வேண்டும். முற்றிலும் வெறுமையான பாட்டரியை நிறைந்த பாட்டரியோடு இணைத்தால், நிறைந்ததிலிருந்து வெறுமையானதற்கு மின்சாரம் விரைந்து பாயும். எந்திரத்துக்குச் செல்ல வேண்டிய வலிமையின் ஒரு பகுதி அவ்வழியே வீணாகும். இரண்டும் சிறிதளவே தளர்ந்திருந்தால் மட்டும் அவற்றைச் சேர்த்து இயக்கலாம். ‘இரண்டும்’ என்னும் நிலை அவசர உதவிக்காகவும், நிரப்புவதற்காகவும் அமைந்ததே அன்றி, இரவுத் தங்கலுக்காக அமைந்தது அன்று.

மனிதர் உழைத்துக் களைத்த வேளையில் மறப்பது இயல்பு. அம்மறதிக்கு மருந்தாகத் தானியங்கி இணைப்பான்களும் இக்காலத்தில் வந்துள்ளன. எந்திரம் ஓடி மின்னழுத்தம் 13 வோல்ட்டுக்கு மேல் உயர்ந்ததும் அவை இரு பாட்டரிகளையும் தாமே இணைக்கும். அழுத்தம் இறங்கியதும் தாமே பிரிக்கும். ஆயினும், கருவி பழுதுற்ற நாளில் கைகொடுப்பது அறிவே. ஆதலால், திருகின் நான்கு நிலைகளையும் படகிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

பாட்டரியைப் பேணுவதிலும் கருத்து வேண்டும். அது நிரம்பும்பொழுது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே அவ்வாயு தீப்பற்றக்கூடும். ஆகையால், பாட்டரி இருக்கும் அறையில் காற்றோட்டம் வேண்டும். பீடியோ தீக்குச்சியோ கொளுத்துதல் கூடாது. கலத்தில் நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். கடல்நீர் உட்புகுந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு உண்டாகும். ஆதலால், பாட்டரியை அலைநீர் எட்டாத இடத்தில், படகு ஆடினாலும் சாயாதவாறு இறுகக் கட்டி வைக்க வேண்டும். கம்பிகளின் முனைகளில் உப்பு அரித்துப் பச்சை பூத்திருக்கின்றதா என்று அடிக்கடி பார்த்துத் துடைக்க வேண்டும். மிகைமின்னோட்டத்தைத் தடுக்கும் உருகியைப் பாட்டரிக்கு அருகிலேயே பொருத்த வேண்டும். நீர் இறைக்கும் பம்பை மட்டும் தேர்வு சுவிட்ச் வழியாக அன்றி, தனி உருகி வழியாகப் பாட்டரியோடு நேரே இணைப்பது வழக்கம். படகைப் பூட்டிச் சென்ற பின்னும் அது விழித்திருக்க வேண்டும் அன்றோ?

இத்துணைக் கவனம் எதற்கு என்று கேட்கலாம். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிமுனை அருகே கடந்து சென்றது. அதற்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர் பலர் திரும்பவில்லை. எச்சரிக்கை எட்டாத தொலைவில் பல படகுகள் இருந்தன. கடலில் ஒரு செய்தி எவ்வளவு விலைமதிப்புடையது என்பதை அந்நாள் நமக்கு உணர்த்தியது. செய்தியைப் பெறவும், துன்பத்தில் குரல் கொடுக்கவும் துணைபுரிவது கம்பியில்லாக் கருவி. அக்கருவிக்கு உயிர் தருவது பாட்டரி.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் வழியில் பள்ளிக்கரணை உள்ளது. அங்கே, 1993-இல் நிறுவப்பட்ட தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் அமைந்திருக்கின்றது. இந்நிறுவனத்தார் கடலில் மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தியுள்ளனர். காற்றின் வேகம், அலையின் உயரம், நீரின் வெப்பம் ஆகியவற்றை அம்மிதவைகள் அளந்து, செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அனுப்புகின்றன. ஆளில்லாத அம்மிதவைகளும் கதிரவன் ஒளியால் பகலில் மின்சாரம் ஈட்டி, மின்கலங்களில் சேமித்து, இரவிலும் புயலிலும் பணி செய்கின்றன. இரயில் பெட்டியாயினும், படகாயினும், மிதவையாயினும், கம்பியைவிட்டுப் பிரிந்து செல்லும் எதற்கும் சேமிப்பே துணை.

அச்சேமிப்பிலும் தொடாமல் வைக்கத்தக்க பகுதி ஒன்று உண்டு. அது சிறியதாயினும், மற்ற அனைத்தையும் மீண்டும் தொடங்கிவைப்பது அதுவே. மாலையில் திருகை இரண்டுக்குத் திருப்புவதற்கு ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிப் பணியைத் தவறாது செய்யும் படகோட்டி, விடியலில் எந்திரத்தின் ஒலியைக் கேட்டுக் கரை நோக்கிப் படகைத் திருப்புவார்.