புயல் முகாமில் இருக்கீங்களா? விடிஞ்சதும் சைக்கிளை எடுங்க!

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டிய நேரம். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தையும் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுப் போனது ஞாபகமிருக்கிறதா? தென்னையும் போச்சு, கூரையும் போச்சு. புயல் அடித்த மாவட்டங்களில் சாய்ந்த மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். கரன்ட் வர வாரக்கணக்கில் காத்திருந்த கிராமங்கள் உண்டு.

மீமிசல் மாதிரி கடலோர ஊர்க்காரர்களுக்கு இது பழைய கதை இல்லை. ஐப்பசி, கார்த்திகை வந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கும் சமாசாரம். மைக்கில் அறிவித்ததும் பள்ளிக்கூடத்துக்கோ கல்யாண மண்டபத்துக்கோ போய்விடுகிறீர்கள். புயல் ஒரே ராத்திரியில் முடிந்துவிடும். அதற்கப்புறம்? தண்ணீர் வடியணும், கூரை போட ஆள் கிடைக்கணும், கணக்கெடுக்க அதிகாரி வரணும். அந்தக் காத்திருப்புதான் உடம்பை உருக்குகிறது.

எப்படி என்கிறீர்களா? மனசு பதறும்போது கார்ட்டிசால் என்கிற ஹார்மோன் அதிகம் சுரக்கும். அது ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும். மூணு வேளையும் சோறு, வேலை கிடையாது, பகலெல்லாம் அரைத் தூக்கம், ராத்திரியில் கொட்டக் கொட்ட முழிப்பு. ஏற்கெனவே சுகரும் பிரஷரும் உள்ளவர்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

"வீடே போச்சு, இப்ப எக்சர்சைஸ் ஒண்ணுதான் கேடா?" என்று கேட்கத் தோன்றும். நியாயம்தான். ஆனால் காலை வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் சரியாகிறது. அன்று ராத்திரித் தூக்கம் அங்கேதான் ஆரம்பமாகிறது. எல்லாவற்றுக்கும் க்யூவில் நிற்கிற நாட்களில், யாரையும் கேட்காமல் நீங்களே செய்துகொள்ளும் காரியம் இது ஒன்றுதான்.

சைக்கிள் நம்ம ஜில்லாவுக்குப் புதுசா என்ன? 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், ஆயிரக்கணக்கான பெண்கள் கேலியைப் பொருட்படுத்தாமல் சைக்கிள் பழகிய மண்ணாயிற்றே! அன்று இருபது வயதில் ஹேண்டில்பாரைப் பிடித்தவர்களுக்கு இன்று ஐம்பது தாண்டிவிட்டது. மூட்டு வலிக்கிற வயசு. நடப்பதைவிட சைக்கிளில் மூட்டுக்குப் பாரம் குறைவு. சீட் உயரம் மட்டும் சரியாக இருக்கணும்: பெடல் கீழே வரும்போது குதிகாலை வைத்துப் பாருங்கள், கால் நேராக நீளவேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் மடங்கி மடங்கி வலி வரும்.

முதல் நாள் பத்து நிமிஷம் போதும். மெல்ல அரை மணிக்கு வாருங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிஷம். ஐந்து நாள் போனாலே கணக்கு சரி. பேச முடியணும், பாட முடியக்கூடாது... அதுதான் சரியான வேகம். மழைக்காலத்தில் வாடைக்காற்று வடக்கிலிருந்து அடிக்கும். முதலில் கோட்டைப்பட்டினம் பக்கமாக எதிர்க்காற்றில் போய்விட்டால், களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். மாற்றிச் செய்தால் அவஸ்தைதான்!

இருட்டில் மட்டும் கிளம்பாதீர்கள். ஈ.சி.ஆரில் லாரிக்காரர் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். புயல் அபாயம் நீங்கியதாக அறிவித்த பிறகுதான் சைக்கிளைத் தொடவே வேண்டும். தேங்கிய தண்ணீருக்குள் விடவே கூடாது. அடியில் பள்ளமா, வயரா தெரியாது. 'ஊருக்கே கரன்ட் இல்லையே' என்று அறுந்த கம்பியைத் தாண்டாதீர்கள். பக்கத்தில் யாராவது ஜெனரேட்டர் போட்டால் அதில் மின்சாரம் பாயலாம். கால் கிழிந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே டி.டி. ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் போகவேண்டாம். இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிடுங்கள், பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். வழியில் வியர்த்து, கை நடுங்கினால் இறங்கி உட்கார்ந்து மூன்று டீஸ்பூன் சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சு வலித்தால் 108-க்குப் போன் செய்யுங்கள், வேறு யோசனை வேண்டாம்.

இன்னொன்று. சைக்கிள் தானாகவே உங்கள் வீட்டுப் பக்கம் திரும்பும், தெரியும். போய்ப் பாருங்கள், சாவியும் ரேஷன் கார்டும் தேடுங்கள், தப்பில்லை. ஆனால் தினமும் அந்த விழுந்த சுவரையே பார்த்துவிட்டு வந்தால் அன்றைய பொழுது அங்கேயே முடிந்துபோகும். ஒரு நாள் வீடு என்றால் மறுநாள் கடற்கரை, இல்லையென்றால் டீக்கடை. கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொள்ளுங்கள். முகாமில் யார் வாய் திறக்காமல் சுருண்டு கிடக்கிறார்களோ, முதலில் அவரைக் கூப்பிடுங்கள்.

இரண்டு வாரமாகியும் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், 'இருந்து என்ன ஆகப்போகுது' என்ற பேச்சு வந்தால் சைக்கிள் போதாது. 14416 என்ற நம்பர் இருக்கிறது. டெலி மானஸ், அரசு சேவை. தமிழிலேயே பேசலாம். ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது.